எதிர்பார்ப்பும் ஈமானும்



தொழுகையில் அத்தஹிய்யாத்தும் ஸலவாத்தும் ஓதிய பின், ஸலாம் கொடுப்பதற்கு முன், நான்கு தீங்குகளை விட்டும் நாம் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகிறோம். கப்ருடைய வேதனை, நரக வேதனை, வாழ்விலும் மரணத்திலும் நேரும் சோதனை, மஸீஹுத் தஜ்ஜாலின் குழப்பம் ஆகியவையே அந்நான்கு. பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த இந்த துஆ ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. சிறு வயதில் மதரஸாவில் மனனம் செய்ததால் நாவு தானாகவே ஓதி விடுகிறது. ஆனால் அதிலுள்ள ‘மஸீஹ்’ என்ற சொல் நம்மில் எத்தனை பேரைச் சற்று நிறுத்திச் சிந்திக்க வைத்திருக்கிறது?

மர்யம் (அலை) அவர்களின் திருமகனார் ஈஸா நபி (அலை) அவர்களுக்குத் திருமறை சூட்டும் சிறப்புப் பெயரும் மஸீஹ் என்பதே (3:45). மெய்யானவருக்கும் அந்தப் பெயர். கடைசிக் காலத்தில் வரும் பெரும் பொய்யனுக்கும் அந்தப் பெயர். ஆக, வரவிருப்பவர்களைப் பற்றிய செய்தியில் மெய்யும் உண்டு, பொய்யும் உண்டு. இரண்டையும் பிரித்தறியும் பார்வை நமக்கு வேண்டும் என்ற கவலை அந்த துஆவுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இந்தக் கவலை இன்று அவசியமாகி விட்டது. ‘இன்ன ஆண்டில் மஹ்தி வெளிப்படுகிறார்’, ‘இன்ன நாட்டில் இன்ன அடையாளம் நிறைவேறி விட்டது’ என்று கைப்பேசியில் செய்திகள் வந்த வண்ணமாயிருக்கின்றன. பெண்மக்கள் அச்சத்தோடு ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள். வாலிபர்கள் சிலர், ‘உலகமே முடியப் போகிறது, இனிப் படித்தென்ன, உழைத்தென்ன?’ என்று பேசுகிறார்கள். இத்தகைய எதிர்பார்ப்பிலேயே ஈராயிரம் ஆண்டுகளைக் கழித்த ஒரு சமூகத்தின் சரித்திரத்தையும், நமது சென்னை அடையாற்றில் நடந்த ஒரு வரலாற்றையும் இங்கே எடுத்து வைக்கிறோம். பிறரை ஏளனம் செய்வதற்காக அல்ல. நாம் படிப்பினை பெறுவதற்காகவே.

யூதர்கள் காத்திருந்த கதை

எபிரேய மொழியில் ‘மாஷியாஹ்’ என்றால் எண்ணெய் பூசப்பட்டவர் என்று பொருள். பனூ இஸ்ராயீல்களின் அரசர்கள் பட்டம் ஏற்கும்போது தலையில் எண்ணெய் வார்ப்பது வழக்கம். எனவே அந்தச் சொல் முதலில் அரசரையே குறித்தது. தாவூத் நபி (அலை), ஸுலைமான் நபி (அலை) ஆகியோரின் காலத்தில் அச்சமூகம் உச்சத்தில் இருந்தது. பிறகு பிளவும் வீழ்ச்சியும் வந்தன. கி.மு. 586-இல் பாபிலோனியர் பைத்துல் முகத்தஸை இடித்து, மக்களைச் சிறைபிடித்துச் சென்றனர். கி.மு. 539-இல் பாரசீக மன்னர் சைரஸ் பாபிலோனை வென்று அவர்களைத் தாயகம் திரும்ப அனுமதித்தார். அந்த நன்றியால் யூத வேதத்தின் ஏசாயா ஆகமம், அந்த அந்நிய மன்னரையே எண்ணெய் பூசப்பட்டவர் என்று அழைக்கிறது.

கி.பி. 70-இல் ரோமர்கள் இரண்டாம் ஆலயத்தையும் அழித்தார்கள். அதன்பின் ஆட்சியும் இல்லை, ஆலயமும் இல்லை. சிதறிய மக்களை ஒன்றுகூட்டி, தாவூதின் வம்சத்திலிருந்து ஓர் அரசர் வருவார் என்ற நம்பிக்கையே அவர்களுக்குப் பற்றுக்கோடாயிற்று. அன்றாடப் பிரார்த்தனையில் அதைக் கேட்டார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மூஸா இப்னு மைமூன் என்ற யூத அறிஞர் தம் மார்க்கத்தின் அடிப்படைகளைப் பதின்மூன்றாகத் தொகுத்தபோது, அவர் தாமதித்தாலும் வருவார் என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார்.

இந்த நம்பிக்கையை நாம் இகழ வேண்டியதில்லை. நாடிழந்து, விரட்டப்பட்டு, ஊர் ஊராக அலைந்த ஒரு சமூகத்தைச் சிதைந்து போகாமல் காத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு எங்கே என்றால், மெய்யான மஸீஹ் ஈஸா நபி (அலை) அவர்களாக வந்துவிட்டார்கள் என்று நாம் ஈமான் கொண்டிருக்கிறோம். அவர்கள் கொல்லப்படவில்லை, அல்லாஹ் தன்னளவில் உயர்த்திக் கொண்டான் என்பதும் (4:157-158), கியாமத்தின் அடையாளமாக மீண்டும் இறங்கி வருவார்கள் என்பதும், நம் நபி (ஸல்) அவர்களின் ஷரீஅத்தையே பின்பற்றுவார்கள் என்பதும் நமது கொள்கை. நபித்துவத்தின் வாசலோ முத்திரையிடப்பட்டு விட்டது (33:40).

ஆவல் கண்ணை மறைத்தபோது

எதிர்பார்ப்பு நல்லதாயினும், அதற்குக் கடிவாளம் இல்லாமற் போனால் என்ன நேரும்? யூதர்களின் சரித்திரமே இதற்குச் சாட்சி.

கி.பி. 132-இல் ஷிமோன் பார் கோஸிபா என்பவர் ரோமருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். அக்காலத்தின் தலைசிறந்த யூத அறிஞர் அகீவா, அவரையே வாக்களிக்கப்பட்ட அரசர் என்று போற்றினார். ‘நட்சத்திரத்தின் மகன்’ என்று பொருள்படும் பார் கோக்பா என்ற பெயர் அவருக்கு ஏற்பட்டது. மூன்றரை ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. 135-இல் பெதார் கோட்டை வீழ்ந்தது. போரில் மட்டும் 5,80,000 பேர் மாண்டதாக ரோம சரித்திர ஆசிரியர் தியோ காசியஸ் எழுதியிருக்கிறார். தோல்விக்குப் பின் அதே மக்கள் அவர் பெயரைத் திரித்து, ‘பொய்யின் மகன்’ என்று அழைத்தார்கள். பேரறிஞர் ஒருவர் சாட்சி சொன்னதாலேயே ஒரு வாதம் மெய்யாகி விடாது என்பது இதில் முதற் பாடம்.

ஐந்தாம் நூற்றாண்டில் கிரீட் தீவில் ஒருவர் தம்மை மூஸா என்று சொல்லிக் கொண்டு, ‘கடல் பிளக்கும், கால் நனையாமல் உங்களைத் தாயகம் சேர்ப்பேன்’ என்றார். மக்கள் தொழிலைக் கைவிட்டனர், உடைமைகளை உதறினர். குறித்த நாளில் பாறை விளிம்பிலிருந்து கடலில் குதித்தனர். பலர் மாண்டனர். சிலரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். தம்மை மூஸா என்றவர் அதன்பின் அகப்படவே இல்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில், அப்பாஸிய கலீபாக்களின் பக்தாதிலும் இதே போன்ற ஒன்று நடந்தது. குர்திஸ்தானத்து அமாதியாவில் தாவூத் அல்ரோயி என்பவர் மீட்பராகக் கிளம்பிய காலம் அது. இரண்டு ஏமாற்றுக்காரர்கள் போலிக் கடிதத்தோடு பக்தாதுக்கு வந்து, ‘இன்ன இரவில் நீங்கள் எல்லோரும் ஜெருசலத்துக்குப் பறந்து செல்வீர்கள்’ என்று யூதர்களிடம் கூறினர். பொன்னும் பொருளும் அந்த இருவர் கைக்குப் போயின. மக்கள் பச்சை ஆடை உடுத்தி மொட்டை மாடிகளில் கூடினார்கள். தாய் முன்னே பறந்து, பாலகன் பின்னே தங்கி விட்டால் பிள்ளைக்கு யார் பாலூட்டுவார் என்று பெண்கள் கலங்கினார்களாம். பொழுது விடிந்தது. யாரும் பறக்கவில்லை. அந்த ஆண்டுக்கே ‘பறக்கும் ஆண்டு’ என்று பெயர் நிலைத்தது. யூதராய்ப் பிறந்து பின்னர் இஸ்லாத்தைத் தழுவிய கணித மேதை ஸமவ்அல் இதைப் பதிவு செய்திருக்கிறார். கூரை மேல் குழந்தையை அணைத்துக் கொண்டு நின்ற அந்தத் தாய்மார்களை நினைத்தால் சிரிப்பு வரவில்லை, நெஞ்சு கனக்கிறது.

லாயிட்ஸ் சாலைக் கல்லறைகள்

சென்னையில் மயிலாப்பூருக்கு அண்மையில், இராயப்பேட்டை லாயிட்ஸ் சாலையில் (இன்று அவ்வை சண்முகம் சாலை) யூதர்களின் சிறு அடக்கத்தலம் ஒன்றிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் பவழம் கொண்டு வந்து, கோல்கொண்டா வைரம் வாங்கிச் சென்ற யூத வணிகர்கள் சென்னைக் கோட்டைப் பகுதியில் குடியிருந்தார்கள். வடசென்னையின் பவழக்காரத் தெரு அவ்வாணிபத்தை இன்றும் நினைவூட்டுகிறது. 1688-இல் சென்னை நகராண்மைக் கழகம் அமைந்தபோது அதன் ஆல்டர்மேன்களில் மூவர் யூதர்கள்.

அந்த வணிகர்களின் உற்றார் உறவினர் லண்டன், ஆம்ஸ்டர்டாம் நகரங்களில் வாழ்ந்தவர்கள். அவர்கள் சென்னை வருவதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்னர்தான் அந்நகரங்களின் யூதர்கள் ஒரு பெருங்கனவில் மூழ்கி எழுந்திருந்தார்கள்.

துருக்கியின் இஸ்மீர் நகரில் 1626-இல் பிறந்த ஷப்தாய் செவி என்பவரை, 1665-இல் காஸாவைச் சேர்ந்த நாத்தான் என்ற வாலிபர், ‘இவரே மஸீஹ்’ என்று அறிவித்தார். யெமன் முதல் ஆம்ஸ்டர்டாம் வரை செய்தி பரவியது. நோன்பிருந்தவர் எத்தனை பேர்! வாணிபத்தை நிறுத்தியவர் எத்தனை பேர்! வீட்டை விற்றவர் எத்தனை பேர்! ஜெர்மனியைச் சேர்ந்த கிளிக்கல் என்ற யூதப் பெண்மணி தம் வாழ்க்கைக் குறிப்பில், தம் மாமனார் பயணத்துக்காகத் துணிமணி, உலர்ந்த இறைச்சி, பட்டாணி முதலியவற்றைப் பீப்பாய்களில் அடைத்து ஹாம்பர்க்குக்கு அனுப்பி, ‘புறப்படு’ என்ற ஓசைக்காக நெடுநாள் காத்திருந்ததை எழுதியிருக்கிறார். இறைச்சி கெட்டுவிடும் என்ற அச்சத்தில் கடைசியில் பீப்பாய்களைத் திறக்க நேர்ந்தது.

உதுமானிய சுல்தான் நான்காம் முஹம்மது, 1666 செப்டம்பரில் ஷப்தாயை எதிர்னே அரண்மனைக்கு அழைத்தார். அங்கே மரண தண்டனை எதிரே நிற்க, ஷப்தாய் இஸ்லாத்தை ஏற்பதாகச் சொல்லி, தலைப்பாகை அணிந்து, புதுப் பெயரும் அரண்மனை ஊதியமும் பெற்று வெளியே வந்தார். வாளுக்கு அஞ்சி நாவால் மொழிந்ததை நாம் வெற்றியாகக் கொண்டாட முடியாது. உள்ளத்தை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் அந்த வீடுகளை எண்ணிப் பாருங்கள். விற்ற வீடு திரும்பவில்லை. விட்ட தொழில் திரும்பவில்லை. அதனினும் விந்தை, இத்தனைக்குப் பிறகும் சிலர் அவரை விடவில்லை. ‘அவர் மதம் மாறியதிலும் ஒரு ரகசியம் இருக்கிறது’ என்றார்கள். அவர் 1676-இல் இறந்த பின்னும், ஸலோனிக்கா நகரில் அவர் பெயரால் ஒரு தனிக் கூட்டம் தலைமுறை தலைமுறையாக நீடித்தது. ஆசை முற்றிய உள்ளத்துக்குத் தோல்வியும் ஓர் அத்தாட்சியாகத் தோன்றி விடுகிறது!

அடையாற்று ஆலமரம்

இதெல்லாம் பழங்காலத்துச் செய்தி, படித்தவர் நிறைந்த காலத்தில் நடக்காது என்று நினைக்க வேண்டாம். மயிலாப்பூரிலிருந்தோ தியாகராய நகரிலிருந்தோ அடையாற்றுப் பாலத்தைக் கடந்தால், ஆறு கடலில் கலக்கும் இடத்தையொட்டிப் பிரம்மஞான சபையின் பெரிய தோட்டம் இருக்கிறது. 1875-இல் நியூயார்க்கில் பிறந்த இச்சபை 1882 முதல் அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்டது. வழக்கறிஞரும் நீதிபதிகளும் ஆசிரியர்களும் அதில் உறுப்பினர்களாயிருந்தனர். 1917-இல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த அன்னி பெசன்ட் அம்மையார் அதன் தலைவி.

1909-இல், சபையில் பணியாற்ற வந்த ஒருவரின் மகனான ஜே. கிருஷ்ணமூர்த்தி என்ற பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுவரை அடையாற்றுக் கடற்கரையில் லெட்பீட்டர் என்ற சபைத் தலைவர் கண்டார். வரவிருக்கும் ‘உலக குரு’ இச்சிறுவருக்குள் இறங்கப் போகிறார் என்றார். 1911-இல் ‘கிழக்கின் நட்சத்திரச் சங்கம்’ என்ற ஸ்தாபனம் எழுந்தது. பல நாடுகளில் பல்லாயிரம் பேர் சேர்ந்தனர். பிள்ளைகளைத் திரும்பக் கேட்டுத் தந்தை சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். ஆனால் 1914-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. எதிர்பார்ப்பின் சுமையை ஒரு சிறுவரின் தோளில் ஏற்றியபோது, ஒரு தகப்பனின் குரல் யார் காதிலும் விழவில்லை.

1925 டிசம்பரில் சபையின் பொன்விழா மாநாடு அடையாற்றில் கூடியது. சபையின் யூத உறுப்பினர்களும் அப்போது தங்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். அத்தோட்டத்தில் யூதத் தொழுகைக் கூடம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஈராயிரம் ஆண்டு எதிர்பார்ப்பைச் சுமந்த சமூகத்தின் பிள்ளைகளும், புதிய எதிர்பார்ப்பில் திளைத்த கூட்டத்தினரும் ஒரே தோட்டத்தில்! டிசம்பர் 28-ஆம் நாள் பெரிய ஆலமரத்தின் அடியில் கிருஷ்ணமூர்த்தி பேசினார். வரப்போகும் குருவைப் பற்றி ‘அவர்’ என்று பேசி வந்தவர், நடுவே ‘நான்’ என்று பேசலானார். கூட்டம் சிலிர்த்தது. உலக குரு பேசி விட்டார் என்றனர்.

ஆனால் அதற்கு ஒன்றரை மாதம் முன்பே, நவம்பர் 13-ஆம் நாள், கிருஷ்ணமூர்த்தியின் உயிருக்குயிரான தம்பி நித்யா காச நோயால் இறந்திருந்தார். குருவின் பணிக்கு அவர் தேவை, ஆகவே இறக்க மாட்டார் என்று பெரியவர்கள் உறுதி சொல்லியிருந்தார்கள். மரணச் செய்தி கப்பலில் வந்துகொண்டிருந்த அண்ணனை எட்டியது. மவ்த்தின் நேரம் அல்லாஹ்வின் கையிலன்றி வேறெவர் கையிலும் இல்லை என்பது ஒரு சாதாரண முஸ்லிம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அன்று அந்த அறிஞர் சபைக்குத் தெரியவில்லை.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1929 ஆகஸ்ட் 3-ஆம் நாள், ஹாலந்து நாட்டு ஓம்மன் முகாமில், பெசன்ட் அம்மையாரும் ஆயிரக்கணக்கான அங்கத்தினரும் கேட்டுக் கொண்டிருக்க, கிருஷ்ணமூர்த்தி அந்தச் சங்கத்தைத் தாமே கலைத்தார். தமக்குச் சீடர்கள் வேண்டாம் என்றார். நன்கொடையாக வந்த நிலமும் பணமும் கொடுத்தவர்களிடமே திரும்பின. பிற்காலத்தில் அவர் பேசிய தத்துவம் நம்முடையதன்று. வஹீயையும் ரிஸாலத்தையும் நம்பும் நமக்கு அவர் வழி வேறு. எனினும் தமக்கு உரியதல்லாத சிம்மாசனத்தைத் தாமே இறக்கி வைத்த நேர்மையை மறுப்பது நியாயமாகாது. பலருக்கோ அன்று காலடி மண்ணே சரிந்தது போலாயிற்று. அந்த ஆலமரத்தின் தாய்த்தண்டும் 1989-இல் வீசிய புயலில் சாய்ந்து விட்டது; விழுதுகளே இன்று நிற்கின்றன.

நமக்குள்ளே நடந்தது

‘அவர்களுக்கு நேர்ந்தது, நமக்கென்ன?’ என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். ஹிஜ்ரி 1400-ஆம் ஆண்டின் முதல் நாள், அதாவது 1979 நவம்பர் 20-ஆம் நாள், சுபுஹுத் தொழுகை முடிந்த வேளையில், புனித மக்காவின் ஹரம் ஷரீபை ஆயுதம் ஏந்திய ஒரு கூட்டம் கைப்பற்றியது. அதன் தலைவர் ஜுஹைமான். முஹம்மது இப்னு அப்துல்லாஹ் என்ற ஒருவரை முன்னிறுத்தி, ‘இவரே மஹ்தி’ என்று பைஅத் கேட்டார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் மஹ்தியைப் பற்றி வரும் ஹதீஸ்களில் பெயர் அப்படித்தானே இருக்கிறது என்றார்கள். தங்களில் பலர் கனவில் அவரைக் கண்டதாகவும் சொன்னார்கள். இரண்டு வாரம் கஃபாவைச் சுற்றித் துப்பாக்கிச் சூடு நடந்தது. இரத்தம் சிந்தத் தடை செய்யப்பட்ட மண்ணில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மஹ்தி என்று சொல்லப்பட்டவரும் அவர்களில் ஒருவர். ஜமாஅத்துத் தொழுகை அந்த நாட்களில் அங்கே நின்று போயிற்று. நவூது பில்லாஹ்!

ஹதீஸ் அவர்கள் கையில் இருந்தது. அரபி மொழி அவர்களின் தாய்மொழி. ஆனால் அவசரம் அறிவை வென்றது. கியாமத்துக்கு முன், தம்மை அல்லாஹ்வின் தூதர் என்று வாதிடும் பொய்யர்கள் ஏறத்தாழ முப்பது பேர் தோன்றுவார்கள் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ்களிலும் எச்சரிக்கை வந்திருக்கிறது. அந்த எச்சரிக்கை யூதருக்கு அல்ல, நமக்குச் சொன்னது.

மதீனாவில் காத்திருந்தவர்கள்

அப்படியானால் காத்திருப்பதே தவறா? இல்லை. சரியாகக் காத்திருந்தவர்களும் இருக்கிறார்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து வருமுன், மதீனத்து யூதர்கள் ஒரு நபியின் வருகையை எதிர்பார்த்து, அவர் பொருட்டால் எதிரிகள் மீது வெற்றி கேட்டு வந்தார்கள் என்றும், அறிந்திருந்தவரே வந்தபோது மறுத்தார்கள் என்றும் அல்பகரா அத்தியாயம் (2:89) நமக்கு அறிவிக்கிறது. அவர்கள் எதிர்பார்த்தது தங்கள் குலத்தில் ஒருவரை. தங்கள் ஆசைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை வந்தவருக்குப் பொருந்தவில்லை என்றதும் வந்தவரையே மறுத்தார்கள். ஆனால் வேதக்காரர்கள் எல்லோரும் ஒரே தரத்தார் அல்லர் என்றும் திருமறை சொல்கிறது (3:113).

அவர்களில் ஒருவர்தான் அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி) அவர்கள். யூதர்களில் பேரறிஞர். பெருமானார் வந்துவிட்ட செய்தி எட்டியபோது அவர்கள் எங்கே இருந்தார்கள் தெரியுமா? கூரையின் மேல் அல்ல. தம் பேரீச்சந் தோட்டத்தில் வேலையில் இருந்தார்கள்! மரத்தின் மேல் இருந்தவாறே செய்தி கேட்டுத் தக்பீர் முழங்கினார்கள் என்றும், கீழே அவர்களின் மாமி அமர்ந்திருந்தார்கள் என்றும் ஸீரா நூல்கள் கூறுகின்றன. பிறகு போய்ப் பார்த்தார்கள். இது பொய்யரின் முகமல்ல என்று உள்ளம் சாட்சி சொன்னது. அத்தோடு விட்டார்களா? நபியன்றி வேறெவரும் அறிய முடியாத கேள்விகளைக் கேட்டு, விடை பெற்ற பிறகே கலிமா மொழிந்தார்கள். வேலையும் விடவில்லை, விசாரணையும் விடவில்லை.

அவர்கள் அங்கே முதன்முதலாகக் கேட்ட நபிமொழி என்ன? திர்மிதியில் வருகிறது. ஸலாமைப் பரப்புங்கள், பசித்தவருக்கு உணவளியுங்கள், மக்கள் உறங்கும் இரவில் தொழுங்கள், சாந்தியோடு சுவர்க்கம் புகுவீர்கள் என்ற கருத்தில் பெருமானார் அருளினார்கள். சகோதரர்களே! இத்தனை காலம் எதிர்பார்க்கப்பட்டவர் வந்து சொன்ன முதற் செய்தியே ஸலாம், சோறு, தொழுகை என்னும் அன்றாடக் கடமைகள்தாம். வீட்டை விற்கச் சொல்லவில்லை. கடலில் குதிக்கச் சொல்லவில்லை.

இன்னொரு நிகழ்ச்சியையும் கவனியுங்கள். பெருமானாரின் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் பிள்ளை இறந்ததற்காகச் சூரியனே இருண்டது என்று மக்கள் பேசிக் கொண்டார்கள். பொய்யர் ஒருவராயிருந்தால் அந்தப் பேச்சை வளர விட்டிருப்பார். நமது நாயகமோ, மகனை மண்ணில் வைத்த அந்தத் துயரத்திலும், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று விளக்கி, தொழச் சொன்னார்கள். மெய்யரையும் பொய்யரையும் பிரிக்கும் உரைகல் இதைவிட வேறென்ன வேண்டும்?

கையிலிருக்கும் கன்று

கியாமத்தே வந்து விட்டாலும், ஒருவர் கையில் பேரீச்சங் கன்று இருந்து, அதை நட அவகாசமும் இருக்குமானால், அவர் நட்டு விடட்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முஸ்னத் அஹ்மதிலும் இமாம் புகாரியின் அல்அதபுல் முஃப்ரதிலும் இது இடம்பெற்றிருக்கிறது.

வியப்பு என்னவென்றால், கி.பி. 70-இல் ஆலயம் இடிந்த காலத்தில் வாழ்ந்த யோஹனான் பென் ஸக்காய் என்ற யூத அறிஞரும் இதே கருத்தைச் சொன்னதாக யூத நூல்களில் பதிவாகியிருக்கிறது. கையில் கன்று இருக்கும்போது ‘மஸீஹ் வந்துவிட்டார்’ என்று யாராவது சொன்னால், முதலில் கன்றை நடு, பிறகு போய் அவரை வரவேற்றுக்கொள் என்பது அவருடைய அறிவுரை. முடிவு நாளைக் கணக்கிட்டுச் சொல்பவர்களை அவர்களின் தல்மூதும் கண்டிக்கிறது. நாம் முன்னர் குறிப்பிட்ட மூஸா இப்னு மைமூன், எகிப்தில் மருத்துவராக வாழ்ந்த காலத்தில், சுமார் 1172-இல் யெமனில் ஒருவர் மீட்பராகக் கிளம்பியபோது, நாள் குறிக்க வேண்டாம், ஏமாற வேண்டாம் என்று அம்மக்களுக்கு நீண்ட கடிதம் எழுதினார். நல்லறிவாளர்கள் அங்கும் எச்சரித்தார்கள். கேட்காத வீடுகள்தாம் கூரை ஏறின.

ஈஸா நபியின் வருகை உண்மை. மஹ்தியைப் பற்றிய செய்தியும் ஹதீஸில் உள்ளது. அவற்றை நிறைவேற்றுவது அல்லாஹ்வின் வேலை. கன்றை நடுவது நம் வேலை. ஒரு சமுதாயம் தன்னிடத்தில் உள்ளதைத் தானே மாற்றிக் கொள்ளாதவரை அல்லாஹ் அதன் நிலையை மாற்றுவதில்லை என்ற கருத்தை அர்ரஃது அத்தியாயம் (13:11) உரைக்கிறதே! வருபவர் வந்து மாற்றட்டும் என்று சோம்பியிருப்பதற்கு அங்கே இடமில்லை.

இல்லங்களில் செய்ய வேண்டியவை

முதலாவது, ஆரம்பத்தில் சொன்ன நான்கு பாதுகாவல் துஆவைப் பொருளுணர்ந்து ஓதுங்கள்; பிள்ளைகளுக்கும் பொருள் சொல்லிக் கொடுங்கள். அல்கஹ்பு அத்தியாயத்தின் முதல் பத்து வசனங்களை மனனம் செய்தவர் தஜ்ஜாலிடமிருந்து காக்கப்படுவார் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மஃரிபுக்குப் பின் வீட்டாரோடு அமர்ந்து நாளுக்கு ஒரு வசனமாகப் பத்து நாளில் பாடமாக்கி விடலாம்.

இரண்டாவது, ஆண்டும் தேதியும் குறித்து வரும் செய்தி எதுவாயினும் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். கியாமத்தின் நேரத்தைப் பற்றிய அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே உள்ளது என்று திருமறை பல இடங்களில் தெளிவாக்கி விட்டது. ஐயமிருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடமோ அறிந்த ஆலிமிடமோ கேளுங்கள்.

மூன்றாவது, எவரேனும் தமக்கு விசேஷப் பதவி இருப்பதாகச் சொல்லி உங்கள் பொருளையோ, பிள்ளையையோ, படிப்பையோ, தொழிலையோ விட்டுவரச் சொன்னால், அங்கேயே நின்று யோசியுங்கள். ஷரீஅத்துக்கு மாறானதைச் சொல்கிறாரா என்று பாருங்கள். கனவும் கராமத்தும் ஷரீஅத்தின் தராசில் நிறுக்கப்பட வேண்டியவை.

நான்காவது, நல்லோரை நேசியுங்கள். ஆனால் தீனை எந்த மனிதரின் ஆயுளோடும் முடிச்சுப் போடாதீர்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது மதீனாவே நிலைகுலைந்தது. வீரர் உமர் (ரலி) அவர்களே அதை ஏற்க மறுத்து நின்றார்கள். அப்போது அபூபக்ர் (ரலி) அவர்கள் எழுந்து, முஹம்மது (ஸல்) அவர்கள் மரணித்து விட்டார்கள், அல்லாஹ்வோ என்றும் உயிரோடிருப்பவன் என்று உணர்த்தி, ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 144-ஆம் வசனத்தை ஓதினார்கள். சமுதாயம் நிமிர்ந்தது. ‘அவர் இறக்கவில்லை, இதில் ரகசியம் இருக்கிறது’ என்று கதை கட்டும் கூட்டமாக நாம் ஆகாமல் காத்தது அந்த ஒரு தெளிவுதான்.

யா அல்லாஹ்! மெய்யை மெய்யாகக் காட்டி, அதைப் பின்பற்றும் பாக்கியத்தைத் தருவாயாக! பொய்யைப் பொய்யாகக் காட்டி, அதை விட்டு விலகும் வலிமையைத் தருவாயாக! மஸீஹுத் தஜ்ஜாலின் குழப்பத்திலிருந்து எங்களையும் எங்கள் மனைவி மக்களையும் காப்பாயாக! எங்கள் கையில் நீ தந்திருக்கும் கன்றை நட்டுவிட்டு உன்னிடம் வரும் நல்லடியார்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.